இயலாது என்றார், இயன்றது!

(கடலோரச் சிற்றூர்ப் பள்ளியொன்றின் அறிவியல் மன்ற ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)

     

அறிவியல் மன்றத்தில் தமிழாசிரியனுக்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணலாம். எண்ணுவதில் தவறில்லை, நானும் அவ்வாறே எண்ணித் தயங்கினேன். ஆயினும் சென்ற திங்கள் இப்பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் எனக்கும் பங்கு உண்டு. அது பெருமைப்படத்தக்க பங்கன்று. ஆதலின் அதனை நானே இவ்வவையில் எடுத்துரைப்பதுதான் முறையாகும்.

நம் வேதியியல் ஆசிரியர் என்னை அணுகி, "ஐயா, புதியதொரு செய்முறையைப் பிள்ளைகளுக்குக் காட்டப்போகிறேன். ஒரு கரைசல் மஞ்சளாகும், பின் நிறமிழக்கும், மீண்டும் மஞ்சளாகும், மீண்டும் நிறமிழக்கும். எவரும் தொடாமலே இவ்வாறு மாறிமாறி நடக்கும். இத்தகைய வினைக்கு நல்ல தமிழ்ப்பெயர் ஒன்று தாருங்கள்" என்று கேட்டார். அங்குமிங்கும் ஆடுவது ஊசல் தானே என்று எண்ணி, நான் ஆய்வுக்கூடம் சென்று கரும்பலகையில் 'ஊசல் வினை' என்று பெரிதாக எழுதிவிட்டு ஒரு பக்கமாக நின்றேன்.

நீர்த்த கந்தகக் காடி, பொட்டாசியம் புரோமேட்டு, மாலோனிக் காடி, சிறிதளவு சீரிய உப்பு ஆகியவற்றை ஆசிரியர் கண்ணாடிக் குவளையில் கலந்தார். தொடக்கத்தில் இருந்த மஞ்சள் மெல்ல மறைந்தது. ஐந்து மணித்துளி ஆயிற்று, பத்து ஆயிற்று, கால்மணி நேரமும் கடந்தது. போன மஞ்சள் திரும்பவில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்து நகைத்தனர். நானும் வாளா இராமல், "வடிந்த வெள்ளம் மேட்டுக்கு ஏறுமா? எரிந்த விறகு மறுபடி தழைக்குமா?" என்று சொன்னேன். வகுப்பே சிரித்தது. ஆசிரியர் முகம் வாடிக் குவளையைக் கழுவப் போனார்.

மறுநாள் அதே ஆசிரியர் அதே பொருள்களை அதே அளவில் கலந்தார். மஞ்சள் போயிற்று, வந்தது, மீண்டும் போயிற்று, மீண்டும் வந்தது. வகுப்பு முடிந்து மணி அடிக்கும் வரை அது நிற்கவேயில்லை. இவ்விரு நாள்களுக்கும் இடையே மாறியது ஒன்றே ஒன்று. அஃது என்ன என்பதைப் பின்னர்ச் சொல்வேன். அதற்கு முன், நான் நகையாகச் சொன்ன அதே தீர்ப்பை எழுபது ஆண்டுகட்கு முன் அறிவியல் கற்றவர்களே சொன்னார்கள் என்பதையும், அத்தீர்ப்பு ஓர் அறிஞரின் உழைப்பை என் செய்தது என்பதையும் கேளுங்கள்.

மாசுக்கோவில் ஒரு குவளை

போரிசு பெலோவுசோவ் என்பவர் 1893-இல் பிறந்த உருசிய வேதியியலார். படைத்துறைக்காகப் பல்லாண்டுகள் உழைத்தவர். 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் ஓர் அரிய முயற்சியில் இறங்கினார். நாம் உண்ணும் உணவு உயிரணுக்களுக்குள் படிப்படியாகச் சிதைந்து ஆற்றல் தருகின்றது. அந்த வினைத்தொடரில் எலுமிச்சைக் காடி தோன்றி, மாறி, மீண்டும் தோன்றும் ஒரு சுழற்சி உண்டு. அச்சுழற்சியின் எளிய படிவம் ஒன்றை உயிரின் துணையின்றி வெறுங்குவளையிலேயே அமைத்துக் காண அவர் விரும்பினார். எலுமிச்சைக் காடியையும் புரோமேட்டையும் சீரிய உப்பையும் கந்தகக் காடியில் கலந்தார். மஞ்சள் நிறம் மறைந்து முடியும் என்று எதிர்பார்த்தார். மறைந்த மஞ்சள் திரும்ப வந்தது, மறுபடியும் மறைந்தது, மறுபடியும் வந்தது.

1951-இல் இதனை எழுதி ஓர் ஆய்விதழுக்கு விடுத்தார். இத்தகைய வினை இயலாது என்று சொல்லி இதழாசிரியர் திருப்பிவிட்டார். பெலோவுசோவ் சோரவில்லை. மேலும் ஆறாண்டுகள் உழைத்துச் சான்றுகளைப் பெருக்கி மற்றோர் இதழுக்கு விடுத்தார். அவ்விதழும் அதனை ஐயுற்றது. சுருக்கிச் சிறு குறிப்பாகத் தந்தால் பார்க்கலாம் என்றது. அவருடைய உள்ளம் உடைந்தது. இனி எவ்விதழுக்கும் எழுதுவதில்லை என்று விட்டுவிட்டார். கதிரியக்க மருத்துவம் பற்றிய ஒரு சுருக்கத் தொகுப்பில் மட்டும், 1959-இல், அவருடைய கண்டுபிடிப்பு சுருக்கமாக அச்சேறியது. வேதியியலார் எவரும் தேடிச் செல்லாத மூலை அது.

பெருமக்களே! இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். அவர் தம் செய்முறையை மறைக்கவில்லை. வேண்டிய பொருள்களையெல்லாம் எழுதியிருந்தார். அவை கிடைத்தற்கு அரியன அல்ல. ஒரு குவளை, சில உப்புகள், ஒரு மாலைப்பொழுது இவ்வளவே தேவை. கலந்து பார்த்திருந்தால் ஐயம் அகன்றிருக்கும். குவளையைப் பாராமலே தீர்ப்பு எழுதப்பட்டது.

இவர்க்கு முன்னரும் இவ்வாறு நேர்ந்ததுண்டு. வினைகள் அலையக்கூடும் என்பதை ஆல்பிரடு இலோட்கா என்பவர் 1910-இலும் 1920-இலும் கணக்கின் வழியே காட்டியிருந்தார். 1921-இல் அமெரிக்காவின் பெர்க்கிலியில் வில்லியம் பிரே என்னும் பேராசிரியர், அயோடேட்டுடன் கலந்த ஐதரசன் பெராக்சைடு சிதையும்பொழுது வளி வெளிப்படுவது கூடியும் குறைந்தும் அலைவதைக் கண்டு வெளியிட்டார். பலர் அதனை ஒப்பவில்லை. தூசும் மாசும் புகுந்திருக்கும், கண்டவர் ஏமாந்திருப்பார் என்றனர்.

ஆயினும் பெலோவுசோவின் செய்முறை முற்றிலும் அழிந்துவிடவில்லை. மாசுக்கோவின் ஆய்வுக்கூடங்களில் கைமாறிக் கைமாறி உலவிவந்தது. 1961-இல் பேராசிரியர் சினோல் அதனை அனத்தோலி சாபோதின்சுகி என்னும் இளம் ஆய்வு மாணவரிடம் ஒப்படைத்தார். அவர் இயலாது என்று சொல்லவில்லை; கலந்து பார்த்தார். எலுமிச்சைக் காடிக்கு மாற்றாக மாலோனிக் காடியை இட்டார். அலைவு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 1964-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். 1968-இல் பிராகு நகரில் நடந்த மாநாட்டின் வழியே மேலை நாடுகளும் அதனை அறிந்தன. 1970-இல் சாபோதின்சுகியும் சைக்கினும், கரைசலை மெல்லிய படலமாக ஊற்றி அசைக்காது வைத்தால், குளத்தில் கல்லெறிந்தாற்போல நிறவளையங்கள் தோன்றி விரிவதைக் காட்டினர். அதே 1970-இல் பெலோவுசோவ் மறைந்தார்.

ஊசல் என்னும் மயக்கம்

இதழாசிரியர்கள் அறியாதவர்கள் அல்லர்; நன்கு கற்றவர்கள். கற்றவர்கள் ஏன் இயலாது என்றனர்? இயற்கையில் அசைக்க முடியாத நெறி ஒன்று உண்டு. மூடிய கலத்தில் நிகழும் எந்த வினையும், பயன்படத்தக்க ஆற்றல் குறைந்துகொண்டே வரும் திசையில்தான் செல்லும். நிகர்நிலையை எய்தி அடங்கும். நிகர்நிலை என்பது முன்வினையும் பின்வினையும் ஒத்து, அளவுகள் மாறாது நிற்கும் நிலை. விறகு சாம்பலாகும், சாம்பல் விறகாகாது. இந்நெறி பொய்த்ததாக இன்றுவரை எவரும் கண்டதில்லை.

அந்நெறி சரி, அதனைப் பொருத்திய முறையில்தான் பிழை. நிறம் போய்த் திரும்புகிறது என்றவுடன் அவர்கள் உள்ளத்தில் ஊசல் வந்து நின்றது. ஊசல் தன் ஓய்வுப் புள்ளியைக் கடந்து அப்பால் செல்கிறது. மீண்டும் அதனைக் கடந்து இப்பால் வருகிறது. ஒரு வேதிவினை அவ்வாறு நிகர்நிலையைக் கடந்து அப்பாலும் இப்பாலும் ஆடுமானால் நெறி உடைந்துவிடும். அஃது இயலவே இயலாது. அந்த அளவில் அவர்கள் சொன்னது உண்மையே.

ஆனால் குவளையில் நடந்தது அதுவன்று. அங்கே புரோமேட்டும் மாலோனிக் காடியும் ஒருநாளும் திரும்ப வருவதில்லை. அவை குறைந்துகொண்டே செல்கின்றன. முதற்பொருள்கள் செலவாகி முடிபொருள்கள் உண்டாகும் நெடுவழியில், இடையே தோன்றி மறையும் இடைப்பொருள்களே ஏறியிறங்குகின்றன. சீரியம் தன் இருவடிவங்களுக்கிடையே மாறுவதும் அவ்வழியில்தான். நிகர்நிலைக்கு வெகு தொலைவில், அதனை நோக்கிச் செல்லும் வழியிலேயே இவ்வலைவு நிகழ்கிறது. நிகர்நிலையை அடைந்த கரைசல் அலையாது, அடங்கிவிடும்.

ஆகலின் நான் கரும்பலகையில் எழுதிய பெயர் தவறானது. ஊசல் என்றால், கற்கும் பிள்ளை ஊசலையே நினைப்பான். இதழாசிரியர் மயங்கியது போலவே மயங்குவான். சொல் வழுவினால் பொருளும் வழுவும் என்பதை இத்தனை ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த நானே வழுவினேன். மறுநாள் 'ஊசல்' என்பதை அழித்து 'அலைவு வினை' என்று எழுதினேன்.

மூன்று தேவைகள்

அப்படியானால் எல்லா வினைகளும் அலையாமல் மிகச் சிலவே அலைவது ஏன்? அலைவதற்கு என்னென்ன வேண்டும்? ஓர் எளிய அமைப்பைக் கொண்டு விளக்குகின்றேன்.

நீர் இடையறாது ஒழுகும் குழாயின் கீழ் ஓர் ஏனத்தை இருபுறமும் அச்சாணியிட்டுத் தொங்கவிடுங்கள். வெறும் ஏனம் நிமிர்ந்து நிற்குமாறும், நீர் நிறைந்தால் முன்பக்கம் கனத்துச் சாயுமாறும் அமையுங்கள். நீர் மெல்ல நிறையும். ஓர் அளவுக்குமேல் ஏனம் சாயத் தொடங்கும், சாயச் சாய நீர் முன்விளிம்பை நோக்கிப் பாயும், பாயப் பாயச் சாய்வு மிகும், நொடியில் கவிழ்ந்துவிடும். வெறுமையானபின் நிமிரும், மறுபடியும் நிறையும். நீர் கீழ்நோக்கியன்றி ஒருதுளியும் மேல்நோக்கிச் செல்லவில்லை. ஆயினும் ஏனம் ஆடிக்கொண்டே இருக்கிறது. எந்த நெறியும் உடையவில்லை.

இதில் மூன்று தேவைகளும் அடங்கியுள்ளன.

முதலாவது, நிகர்நிலையினின்று தொலைவு. குழாயில் நீர் ஒழுகும் வரையில்தான் ஏனம் ஆடும். அதுபோல வினைப்படுபொருள்கள் போதிய அளவில் இருந்து, வினை நிகர்நிலைக்கு நெடுந்தொலைவில் இருக்க வேண்டும். மூடிய குவளையில் இருப்புக் குறையக் குறைய அலைவு தளர்ந்து நின்றுவிடும். புதுப்பொருள் உட்புகுந்து பழம்பொருள் வெளியேறும் ஓடுகலத்தில், ஊட்டுகின்ற வரையில் அது தொடரும். நிகர்நிலைக்குத் தொலைவில்தான் இத்தகைய ஒழுங்குகள் தோன்றும் என்பதைப் பிரசல்சு நகரின் இல்யா பிரிகோசின் கோட்பாடாக நிறுவினார். அலைவு வினைக்கு ஓர் எளிய கணக்குப் படிவத்தை அவரும் இலெபெவரும் 1968-இல் தந்தனர். நிகர்நிலை கடந்த வெப்ப இயக்கவியலில் ஆற்றிய பணிக்காகப் பிரிகோசினுக்கு 1977-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இரண்டாவது, தன்னூக்கம். சாயச் சாயச் சாய்வு மிகுந்ததே, அதனை நினையுங்கள். ஒரு வினையில் விளைந்த பொருளே அவ்வினையை மேலும் விரைவுபடுத்த வேண்டும். நம் அடுக்களையில் இதற்கு நெருங்கிய ஒப்புமை உண்டு. ஒரு கரண்டி உறைமோர் ஒரு குடப் பாலைத் தயிராக்குகிறது. அத்தயிரில் ஒரு கரண்டி மறுநாள் மற்றொரு குடத்தைத் தயிராக்குகிறது. விளைவே வித்தாவது இது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு எட்டாகும் இப்பெருக்கம் இல்லாமல், சீரான விரைவில் மட்டும் செல்லும் வினை அலையாது.

மூன்றாவது, காலந்தாழ்த்து வரும் தடை. பெருக்கம் மட்டும் இருந்தால் வினை ஒரே மூச்சில் வெடித்து முடிந்துவிடும். பெருகியதை அடக்கிப் பழைய நிலைக்குக் கொணரும் தடை ஒன்று வேண்டும். அத்தடையும் உடனே வந்துவிடக்கூடாது. உடனே வந்தால் பெருக்கமும் தடையும் ஒன்றையொன்று நிறுத்தி, ஒரே அளவில் அசையாது நின்றுவிடும். ஏனம் கவிழ்ந்தபின் மீண்டும் நிறைவதற்கு ஒரு காலம் வேண்டுமன்றோ? அந்தக் காலத்தாழ்வே அலைவைப் பிறப்பிக்கின்றது.

குவளைக்குள் நடப்பது

இம்மூன்றும் பெலோவுசோவின் குவளையில் எவ்வாறு அமைந்தன என்பதை 1972-இல் பீல்டு, கொரோசு, நொயிசு என்னும் மூவர் அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்ந்து விளக்கினர். இங்கே எல்லாவற்றையும் அடக்கி ஆள்வது புரோமைடு அயனி.

முதற்கட்டத்தில் கரைசலில் புரோமைடு போதிய அளவு இருக்கிறது. அது புரோமேட்டுடன் வினைப்பட்டு மெல்ல மெல்லச் செலவாகிறது. விளையும் புரோமின் மாலோனிக் காடியுடன் சேர்ந்து புரோமோமாலோனிக் காடியாகிறது. சீரியம் நிறமற்ற வடிவில் வாளா இருக்கிறது.

புரோமைடின் செறிவு ஓர் எல்லைக்குக் கீழே இறங்கியதும் இரண்டாம் கட்டம் பிறக்கிறது. அவ்வெல்லை புரோமேட்டின் செறிவில் ஏறத்தாழ 2,00,000-இல் 1 பங்கு என்று அம்மூவரும் கணித்தனர். காவலன் அகன்றவுடன் புரோமசுக் காடி என்னும் இடைப்பொருள் தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிறது. இதுவே தன்னூக்கம். அப்பெருக்கத்தின் ஊடே சீரியம் மஞ்சள் வடிவிற்கு மாறுகிறது. கண்ணுக்கு நிறம் சட்டென்று தோன்றுவதன் கரணியம் இதுதான்.

மூன்றாம் கட்டத்தில் மஞ்சள் சீரியம் முன்னர் விளைந்த புரோமோமாலோனிக் காடியைத் தாக்குகிறது. அதிலிருந்து புரோமைடு விடுபடுகிறது, சீரியம் நிறமிழக்கிறது. பெருகிய புரோமைடு தன்னூக்கத்தை அணைத்துவிடுகிறது. இதுவே காலந்தாழ்த்து வரும் தடை. காவலன் திரும்பிவிட்டான், முதற்கட்டம் மீண்டும் தொடங்குகிறது. சீரியத்தோடு பெரோயின் என்னும் இரும்புச் சேர்மத்தையும் சிறிது இட்டால் செம்மையும் நீலமுமாக மாறி, கடைக்கோடியில் அமர்ந்த பிள்ளைக்கும் தெளிவாகத் தெரியும்.

கிணற்று நீர்

இனி நம் ஆய்வுக்கூடத்திற்கு வருவோம். முதல்நாள் நான் நகையாடி, ஆசிரியர் குவளையைக் கழுவச் சென்றபொழுது, பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, இந்தக் கரைசலுக்கு எந்த நீரை எடுத்தீர்கள்?" என்று கேட்டாள். "பள்ளிக் கிணற்று நீர்தான், அம்மா" என்றார் ஆசிரியர். "அது உப்புக் கரிக்குமே, ஐயா. அந்த உப்பும் வினையில் சேர்ந்துகொள்ளாதா?" என்றாள்.

அவ்வளவுதான். ஆசிரியர் அன்றிரவே நூல்களைப் புரட்டினார். அவள் வினவியது முற்றிலும் பொருத்தம். நம் கிணறு கடலுக்கு அண்மையில் உள்ளது. அதன் நீரில் குளோரைடு மிகுதி. புரோமைடைப் போலவே குளோரைடும் தன்னூக்கத்தைத் தொடங்கவிடாமல் தடுக்கும். சிறிதளவு குளோரைடே இவ்வினையை அடக்கப் போதும். மறுநாள் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தார், மஞ்சள் திரும்பியது. மாறியது நீர் ஒன்றே.

பெருமக்களே! ஒரு செய்முறை நடவாவிட்டால், "இது பொய்" என்று சொல்வது ஒரு வழி, "எந்தத் தேவை இங்கே நிறைவேறவில்லை?" என்று கேட்பது மற்றொரு வழி. முதல்வழியில் சென்றவர் இதழாசிரியர். அவ்வழியிலேயே சென்றேன் நானும். இரண்டாம் வழியில் சென்றவள் அந்தச் சிறுமி. அன்று அவ்வகுப்பில் அறிவியலாளர் அவள் ஒருத்தியே.

பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கையும் கூறுவேன். புரோமேட்டு நச்சுப்பொருள், கந்தகக் காடி தோலையும் கண்ணையும் கெடுக்கும். ஆசிரியர் உடனிருக்க, கண்காப்பும் கையுறையும் அணிந்தே இச்செய்முறையைச் செய்தல் வேண்டும். வீட்டில் செய்யவே கூடாது.

பள்ளியாசிரியர் இருவர்

இத்துறை பெரிய கல்விக்கூடத்தார்க்கே உரியது என்று எவரும் எண்ண வேண்டா. 1973-இல் சான் பிரான்சிசுகோ நகரின் கலிலியோ உயர்நிலைப்பள்ளியில் பணியாற்றிய பிரிக்சு, இரௌசர் என்னும் ஆசிரியர் இருவர் ஒரு புது அலைவு வினையை வெளியிட்டனர். மாணவர்க்குக் காட்ட நல்லதொரு செய்முறையைத் தேடிய அவர்கள், பிரேயின் ஐதரசன் பெராக்சைடையும் அயோடேட்டையும், சாபோதின்சுகியின் மாலோனிக் காடியையும் ஒன்றாக்கி, மாங்கனீசு உப்பும் மாவுக் கரைசலும் சேர்த்தனர். நிறமற்ற கரைசல் பொன்னிறமாகிறது, சட்டென்று கருநீலமாகிறது, மறுபடி நிறமிழக்கிறது. எவரும் நம்ப மறுத்த பிரேயின் வினை, ஐம்பதாண்டுகட்குப் பின் இரு பள்ளியாசிரியர்களின் கையில் உலகெங்கும் பிள்ளைகளை மகிழ்விக்கும் காட்சியாயிற்று.

தற்செயலாகக் கண்ட காலமும் போய், எண்ணித் திட்டமிட்டு ஆக்கும் காலமும் வந்தது. 1981-இல் டி கெப்பர், எப்சுட்டைன், கசுட்டின் என்னும் மூவர், தேவைகளை முன்வைத்தே புதியதோர் அலைவு வினையை அமைத்தனர். ஓடுகலத்தில் ஒரே ஊட்டத்தில் இருவேறு நிலைகளில் நிற்கவல்ல தன்னூக்க வினையைத் தேர்ந்து, அவ்விரு நிலைகட்கிடையே மெல்லத் தள்ளும் மற்றொரு பொருளைச் சேர்த்தனர். எதிர்பார்த்தவாறே அலைவு பிறந்தது. தேவைகளை அறிந்தவன் ஆக்கவும் வல்லவன் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இதன் பயன் குவளையோடு நிற்கவில்லை. ஈசுட்டு நொதியங்களின் சாற்றில் இனிப்புச் சிதையும் வினைத்தொடரும் அலைகிறது என்பது 1960-களிலேயே காணப்பட்டது. நெஞ்சாங்குலையின் துடிப்பு சீர்குலையும்பொழுது அதன் தசையில் ஓடும் சுருள் அலைகளை ஆய்வோர், மெல்லிய படலக் கரைசலில் தோன்றும் சுருள்களையும் எடுத்துக்காட்டாகக் கொள்கின்றனர். 2005-இல் சப்பானின் நகோயாப் பல்கலைக்கழகத்துக் கொண்டோவின் குழுவினர், நீலப்பசும் பாசியிலிருந்து மூன்றே புரதங்களை எடுத்து, உயிரணுவின் ஆற்றல்பொருளான ஏ.டி.பி.யோடு குழாயிலிட்டனர். உயிரணுவே இல்லாத அக்குழாயில் ஏறத்தாழ 24 மணி நேரத்திற்கு ஒருமுறை அலையும் நாட்கடிகை ஒன்று ஓடியது! உயிரின் சுழற்சியைக் குவளையில் காண விரும்பினாரே பெலோவுசோவ், அவ்விருப்பம் வீண்போகவில்லை.

நிறைவாக

1980-இல் சோவியத்து அரசு இவ்வினையின் ஆய்வுக்காக உயரிய இலெனின் பரிசை வழங்கியது. சாபோதின்சுகி உள்ளிட்ட நால்வரோடு பெலோவுசோவின் பெயரும் அதில் இருந்தது. ஆனால் பரிசைப் பெற அவர் இல்லை. மறைந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன. 1951-இல் திருப்பப்பட்ட அவருடைய கட்டுரை முழுமையாக அச்சேறியது அதற்கும் அடுத்த ஆண்டில்தான். பத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் இத்துறையே பின்தங்கியது. ஓர் அறிஞரின் உள்ளம் ஆறாமலே மறைந்தது. இவ்வளவும் ஒரு குவளையைக் கலந்து பார்க்காததன் விளைவு.

ஆசிரியப் பெருமக்களே! நாம் ஒவ்வொருவரும் நம் வகுப்பறையில் அந்த இதழாசிரியரின் இருக்கையில்தான் அமர்ந்திருக்கின்றோம். ஒரு பிள்ளை எழுந்து, "ஐயா, நான் இவ்வாறு கண்டேன்" என்று சொல்லும்பொழுது, "அஃது இயலாது, உட்கார்" என்பது நமக்கு எளிது. நூலில் உள்ளதும் நம் பக்கம். வகுப்பின் சிரிப்பும் நம் பக்கம். ஆனால் அச்சிரிப்பில் ஒரு பிள்ளையின் கண் மூடிப்போகும். இனி அவ்வாறு சொல்லுமுன், "எங்கே, காட்டு" என்று ஒருமுறை சொல்வோம். அவன் பிழைபட்டிருந்தால் அவனே காண்பான். நாம் பிழைபட்டிருந்தால் நாமும் காண்போம்.

மாணவச் செல்வங்களே! இயற்கையின் நெறிகளை ஐயமறக் கற்றுக்கொள்ளுங்கள், அவற்றை எள்ளாதீர்கள். ஆனால் நெறி வேறு, நெறியைப் பற்றி நாம் கொண்ட எண்ணம் வேறு என்பதையும் மறவாதீர்கள். கண்டதைக் கண்டவாறு எழுதுங்கள். உலகம் ஒப்பாவிட்டால் தேவைகளை ஒவ்வொன்றாக ஆராயுங்கள், நீரையும் ஆராயுங்கள்.

நம் வேதியியல் ஆசிரியரிடம் அன்றே தனியே வருத்தம் தெரிவித்தேன். அவரை நகையாடியது வகுப்பின் முன் ஆதலின், வருத்தத்தையும் அவையின் முன் தெரிவிப்பதே முறை. ஐயா, பொறுத்தருளுங்கள். அந்த மாணவி இவ்வவையில் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறாள். பெயர் சொல்ல வேண்டா என்று கேட்டுக்கொண்டாள், ஆகவே சொல்லவில்லை. ஆனால் கரும்பலகையில் நான் எழுதிய பெயரை அழித்துத் திருத்த எனக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள் என்பதைச் சொல்லி, என் உரையை நிறைவு செய்கின்றேன்.